தலைகீழாக அடுக்கிய கல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ரயிலில், முதுகுக்குப் பின்னாலிருந்து கிடைத்தது.

"கல்லத் தலைகீழா அடுக்கி வச்சிருக்கியேடா!"

"பூமியே அப்படி இருந்தா நான் என்ன பண்றது அண்ணி?"

அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் வந்துவிடும், குரல் போய்விடும். (என் கதைகளில் யாருக்குமே மூக்கு இருப்பதில்லை என்று என் மருமகள் குறைப்படுவாள்.)

2

முதல் தொடக்கம்: "பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஆழ்கடலின் இருளில், காலம் தன்..."

வேண்டாம். காலத்தைக் கூப்பிட்டால் கூடவே கொட்டாவியும் வரும். அண்ணியே சொல்லட்டும். அவள் நிலவியலாளர். அவள் கணவரின் தம்பி, அதே முகாமில் துளைபோடும் இயந்திரம் ஓட்டுகிறான்.

"கடலுக்கடியில தரை வெடிச்சிருக்கும். கடல்தண்ணி அதுல இறங்கும். கீழ பாறைக்குழம்போட சூடு. கொதிச்ச தண்ணி, பாறையில உள்ள உலோகத்தையெல்லாம் கரைச்சுக்கிட்டு, கறுப்புப் புகை மாதிரி மேல பீறிட்டு வரும். வெளியில சில்லுனு கடல். சூடு தணிஞ்சதும் உலோகம் கந்தகத்தோட சேர்ந்து அங்கேயே படிஞ்சிடும்."

"கல்யாணம் ஆன கையோட தனிக்குடித்தனமா?"

"கூட்டுக் குடும்பம்தான். செம்புக்குச் சூடு வேணும், அது கீழ் வீடு. துத்தநாகம் மேல் மாடி."

"நம்ம வீட்டு மாடியில அம்மா இருக்கிற மாதிரி."

"அவங்க காதுல விழட்டும், உனக்கு இருக்கு."

3

இனிச் சிக்கல். துளையிலிருந்து தண்டு தண்டாகக் கல் வரும். மேலே கிடைத்ததில் தொடங்கி, இடமிருந்து வலமாகப் பெட்டியில் அடுக்க வேண்டும். இந்தப் பெட்டியிலோ முதலில் பித்தளைபோல் மின்னும் செம்புக் கனிமம், அப்புறம் பழுப்பாகத் துத்தநாகக் கனிமம். மாடி கீழே, வீடு மேலே.

"வெயில் கண்ணுல அடிக்குதுன்னு பெட்டிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்னியா? அங்க நின்னா உன் இடது என் வலதுடா!"

"சத்தியமா இல்ல அண்ணி. எனக்கு இது முதல் பெட்டியா?"

"ஆழம் எழுதின மரத்துண்டு எங்க?"

"இருக்கு. எழுத்துதான் இல்ல. கல்லு பளிச்சுனு தெரியட்டும்னு குழாய்த் தண்ணிய அடிச்சேன்..."

[முந்தைய பெட்டியின் கடைசிக் கல்லோடு முறிவைப் பொருத்திப் பார்க்கலாமே என்று கேட்கும் கெட்டிக்கார வாசகருக்கு: பார்த்தார்கள். சரியாக அந்த இடம் தூளாக வந்திருந்தது. நான்தான் தூளாக்கினேன்; இல்லாவிட்டால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.]

"சரி, நீ சொல்றதே நிஜம்னு வச்சுக்குவோம்," என்றாள் அண்ணி. "அப்போ அந்தக் கடல்தரை மலையா மடிஞ்சு எழும்பும்போது இந்தப் படிவமே குப்புற விழுந்திருக்கு. செம்போட கொழுத்த பாகம் மேல இருந்து, என்னைக்கோ மழையில கரைஞ்சு போச்சு. கீழ ஒண்ணும் இல்ல. நீ திருப்பி வச்சிருந்தாத்தான் கீழ செம்பு. மேனேஜர்கிட்ட நிறுத்தச் சொல்லிடறேன்."

"நிறுத்தினா?"

"முகாமை மூடுவாங்க. உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல."

அவன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணி... நான்தான் திருப்பி வச்சேன்."

"இப்பதானேடா சத்தியம் பண்ணின?"

"அது வேற சத்தியம்."

4

அவன் பொய் சொல்கிறானா? எனக்கும் தெரியவில்லை. ஒரு வரைவில் அவனைப் பரம யோக்கியனாக்கினேன், கதை படுத்துவிட்டது. இன்னொன்றில் அயோக்கியனாக்கினேன். "உங்களுக்கு நான் என்னம்மா பண்ணினேன்?" என்று கேட்டான். அடித்துவிட்டேன், வரியைத்தான்.

அண்ணியும் அதையே கேட்கிறாள். "உண்மையச் சொல்லு. திருப்பி வச்சியா?"

"ஞாபகம் இல்ல அண்ணி," என்றான் கடைசியில். "வச்சிருந்தா நல்லாருக்கும்."

இந்த ஒரு பதிலைத்தான் அவள் நம்பினாள்.

5

மேலாளர் உள்ளே வந்தார். கையில் அணைக்காத கைபேசி. "என்ன மேடம், தோண்டவா, மூட்டை கட்டவா?"

முடிவு அ: "மூட்டை கட்டுங்க." நேர்மையான முடிவு. இரவுச் சாப்பாட்டில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். பேச்சே இல்லாத கதையை நான் எப்படி எழுதுவது?

முடிவு ஆ: "பெட்டி மாறிப்போச்சு, தோண்டுங்க." கொழுந்தனைக் காப்பாற்றச் சொன்னாள் என்பார்கள். நானே அப்படித்தான் நினைப்பேன்.

அவள் இரண்டையும் சொல்லவில்லை.

"பெட்டி நேரா தலைகீழான்னு எனக்குத் தெரியல சார். அடுக்கும்போது நான் பக்கத்துல இருந்திருக்கணும், ஆனா இல்ல. இன்னும் அறுபது மீட்டர் போனா தெரிஞ்சிடும். ஒண்ணுமே வரலைன்னா வேலைய விட்டு எடுக்கிற பட்டியல்ல முதல்ல என் பெயரை எழுதுங்க."

"தெரியலைன்னு அறிக்கையில எப்படி மேடம் எழுதுறது?"

"தமிழ்லயே எழுதலாம் சார்."

இயந்திரம் மறுபடி உறுமியது.

6

ஒரே வரியில் கீழே செம்பை வைத்துவிட என்னால் முடியும். பேனாவையும் எடுத்துவிட்டேன்.

"எழுதிப் போட்டுடாதீங்கம்மா," என்றாள் அண்ணி. "இருந்தா வரட்டும்."

"ஒரு வரி எழுதினாத்தான் என்ன அண்ணி?" என்றான் அவன்.

"நீ வாய மூடு."

அறுபதாவது மீட்டர். தண்டு மேலே வந்துவிட்டது. முழுக்கச் சேறு. அண்ணி அவனைத் தொட விடவில்லை, தானும் தொடவில்லை. மேலாளர் எட்டிப் பார்க்கிறார்.

இந்தாருங்கள், துணி. துடைத்துப் பாருங்கள்.