ஆறாவது வேலைநாள்

நர்ஸ் சோப்புத் தண்ணீர் தொட்டுச் சுபாஷிணியின் கையிலிருந்து வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, சங்கர்ராமின் சட்டைப்பையில் சுபாஷிணியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். இசக்கிசெல்வி டீச்சர். காலையிலிருந்து விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இதற்கு முன் அடித்தபோதெல்லாம் உள்ளே டாக்டர்கள் சுபாஷிணியின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள், எடுக்க முடியவில்லை. இப்போது எடுக்காமல் இருப்பதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

"டீச்சர், எங்க இருக்கீங்க? பிள்ளைங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. தோப்பும்படி பிள்ளைங்களைத்தான் இன்னும் காணல..."

"நான் சங்கர்ராமாக்கும்" என்றார்.

"சார், டீச்சர் கிளம்பிட்டாங்களா? இன்னைக்கு என்ன நாளுன்னு அவங்களுக்குத் தெரியாததா?"

"அவ போயிட்டா, செல்வி."

"ஆட்டோலயா சார் வாராங்க?"

சங்கர்ராம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். விடியற்காலையில் குளித்துவிட்டு வந்தாள், நெஞ்சில் என்னமோ அடைக்கிறது என்றாள், ஆட்டோவில் ஏற்றும்போதே கண் சொருகிவிட்டது, எவ்வளவோ பார்த்தார்கள், முடியவில்லை. அந்தப் பக்கம் மழை ஓட்டில் விழுகிற சத்தமும் பிள்ளைகளின் இரைச்சலும் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் செல்வி அழுவது கேட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள் என்பதும் தெரிந்தது.

மட்டாஞ்சேரியில் பழைய அரிசிக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருக்கிற அரசாங்கத் தொடக்கப்பள்ளிக்குச் சுபாஷிணி ஹெட்மிஸ்ட்ரஸ். சங்கர்ராமைக் கேட்டால் அது பள்ளிக்கூடமே இல்லை, தன் சக்களத்தி என்பார். வெலிங்டன் தீவில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர். வீட்டில் அவர் சொன்னது நடந்த நாளும் உண்டு, பள்ளிக்கூடம் சொன்னது நடந்த நாளும் உண்டு. இரண்டாவதுதான் அதிகம். ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பெண்டாட்டி கண்ணிலேயே அகப்பட மாட்டாள். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, கட்டடம் கட்டுகிற இடம், மீன் துறைமுகம், காய்கறிச் சந்தை என்று தமிழ்ப் பிள்ளைகளைத் தேடி அலைவாள். ராத்திரி சேலைக்கரையெல்லாம் சேறாகத் திரும்பி வந்து, "நாளைக்கு ஒரு குழந்தையைக் கூட்டிண்டு வரேன்னிருக்கா" என்று என்னமோ லாட்டரி விழுந்த மாதிரி சொல்லுவாள்.

இந்த ஆறாவது வேலைநாள் சமாசாரம் வெளியாளுக்கு லேசில் பிடிபடாது. தாலி கட்டிய சங்கர்ராமுக்கே பிடிபடப் பல வருஷம் ஆயிற்று. திருவனந்தபுரத்தில் ஓர் ஆபீஸ். அதற்குக் கீழே மாவட்ட ஆபீஸ். அதற்குக் கீழே உபஜில்லா என்று ஒன்று, அதற்கு ஏ.இ.ஓ. என்று ஓர் அதிகாரி. எல்லாவற்றுக்கும் அடியில், ஓடு ஒழுகுகிற இந்தப் பள்ளிக்கூடம். வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறந்து ஆறாவது வேலைநாளில் தலை எண்ணுவார்கள். அன்றைக்கு எத்தனை தலையோ அதை வைத்துத்தான் அந்த வருஷம் பூராவும் எத்தனை டீச்சர், எத்தனை வகுப்பு என்று மேலே முடிவாகும். ஒரு தலை குறைந்தால் தமிழ் வகுப்பு போச்சு. பிள்ளைகளை மலையாள வகுப்பில் கொண்டுபோய் உட்கார்த்திவிடுவார்கள். தமிழ் டீச்சர் இசக்கிசெல்வியை எந்த ஊருக்குத் தூக்கிப் போடுவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அடுத்த நாள் பத்துப் பிள்ளைகள் வந்து வாசலில் நின்றாலும் நின்றதுதான்.

இந்த வருஷம் ஏ.இ.ஓ. தானே நேரில் வந்து எண்ணுவதாகத் தகவல். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான் கணக்கு. தமிழ் வகுப்பில் சேர்ந்திருக்கிற அத்தனை பேரும் வந்தால்தான் எண்ணிக்கை தேறும்.

"சார்" என்றாள் செல்வி. மூக்கை உறிஞ்சினாள். "நான் கேக்கக் கூடாது சார். கேட்டா என்னைச் செருப்பால அடிங்க."

"சொல்லு."

"விஷயம் தெரிஞ்சா இப்பவே மணி அடிச்சி பள்ளிக்கூடத்த விட்ருவாங்க. பிள்ளைங்க வீட்டுக்குப் போயிரும். ஏ.இ.ஓ. மேடம் ரெண்டு மணிக்கு வாராங்க. வந்தா பெஞ்சு காலியா கிடக்கும். நாளு தள்ளிப் போகாது சார், நான் கேட்டுட்டேன் போன வருஷமே." அவள் குரல் உடைந்தது. "ரெண்டு மணி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாம இருக்க முடியுமா சார்?"

சங்கர்ராம் உள்ளே பார்த்தார். வளையலை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மூக்குக்கண்ணாடியையும் அதிலேயே போட்டுக்கொண்டிருந்தாள் நர்ஸ். சுபாஷிணி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அதுதான் அவருக்கு ஆத்திரமாக வந்தது. இவள் செத்த பிறகும் அந்தச் சக்களத்திதான் முந்திக்கொள்கிறாள்.

"சரி" என்றார்.

பெண் அதிதி பெங்களூரில் இருக்கிறாள். அவளுக்கு மட்டும் முன்பே சொல்லியிருந்தார். சாயங்கால ஃபிளைட்டுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது என்று கூப்பிட்டவள், "சொந்தக்காராளோட குரூப்புல போட்டுடட்டுமாப்பா? பெரியப்பாக்கெல்லாம் நான் சொல்லிடறேன்" என்றாள்.

"இப்போ வேண்டாம். ரெண்டு மணிக்கப்பறம் போட்டா மதி, அதுவரை யார்கிட்டயும் சொல்லாதே."

"எந்துக்கு?"

சொன்னார். சொல்லச் சொல்ல அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று அவருக்கே உறைத்தது.

"உங்களுக்கு என்னப்பா ஆச்சு? ஸ்கூல் ஸ்கூல்னு ஓடி ஓடித்தானே இப்படி ஆச்சு! இப்பவும் ஸ்கூலா?"

"அவ இருந்தா இதைத்தான் சொல்லியிருப்பா, அதிதி."

"அவ இருந்தா! அம்மா இல்லேப்பா. இல்லே!" என்று கத்தினாள். பிறகு அவளே போனை வைத்துவிட்டாள். ஆனாலும் குரூப்பில் எதுவும் போடவில்லை.

அழக் கூட முடியவில்லை அவருக்கு. அழுதால் யாராவது பார்ப்பார்கள். மட்டாஞ்சேரி என்ன கடலா, இந்த முனையில் தும்மினால் அந்த முனையில் கேட்கும். பக்கத்து வீட்டு மாமி கூப்பிட்டு, "சுபா எப்படி இருக்கா? ஞாங்கள் வரணுமோ?" என்று கேட்டாள். "ஐ.சி.யூ.ல வெச்சிருக்கா மாமி, யாரையும் விட மாட்டேங்கறா" என்றார். கோயில் நடத்துகிற சமூகத்துக்காரர் கேட்டதற்கும் அதையே சொன்னார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் சுபாஷிணி உள்ளே இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்கிற மாதிரி ஒரு பிரமை வந்தது. அந்தப் பிரமை போனதும் முன்னைவிட மோசமாக இருந்தது.

"அங்கிள், ஆம்புலன்ஸ் விளிக்கட்டே? பாடியை எத்தனை நேரம் இங்க வைக்க முடியும்?" என்று நர்ஸ் கேட்டாள். சின்னப் பெண், கண்ணில் இரக்கம் இருந்தது. மகள் வருகிற வரைக்கும் என்று கெஞ்சிக் கேட்டார். கீழே குளிர்ப்பெட்டி அறையில் வைத்தார்கள். அந்த அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. யாரோ ஒரு சாயாவைக் கையில் கொடுத்தார்கள். குடித்தார். குடித்து முடித்த பிறகு, பசித்திருக்கிறது என்று தெரிந்ததும் வெட்கமாக இருந்தது.

பதினொரு மணி வாக்கில் செல்வி மறுபடி கூப்பிட்டாள்.

"எல்லாரும் வந்தாச்சு சார். அஞ்சனா மட்டும் வரல."

"யாரு அது?"

"ரெண்டாம் கிளாஸ் சார். அவ அம்மா வீரலட்சுமி தோப்பும்படியில இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போறவ. இன்னைக்கு லோடு வந்திருச்சாம். வீட்டுல கைப்பிள்ளையப் பாக்க ஆளில்லைன்னு இவள நிறுத்திட்டா. போன் பண்ணுனேன். 'டீச்சர்கிட்ட சொல்லுங்க, நாளைக்குக் கண்டிப்பா அனுப்புதேன், டீச்சர் கோவிச்சுக்க மாட்டாங்க'ங்கா. நான் என்னத்தச் சொல்ல சார்?"

"கெஞ்சிக் கேட்டுப் பாக்கறதுதானே?"

"கேட்டேன் சார். நான் கேட்டா அனுப்புவாளா? டீச்சர் போய் வாசல்ல நின்னா அனுப்புவா. டீச்சர் சொன்னா தட்ட மாட்டா."

சங்கர்ராம் எழுந்தார். தோப்பும்படி ஒன்றும் சீமை இல்லை, ஆட்டோ பிடித்தால் போய்விடலாம். அந்தப் பெண்ணின் காலில் விழுந்தாவது குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரலாம். இரண்டடி வைத்தார். குளிர்ப்பெட்டி அறைக் கதவு மூடியிருந்தது. அவளை இங்கே தனியாகப் போட்டுவிட்டு எப்படிப் போவது? யாராவது வந்து பார்த்துவிட்டால்? எந்த வீடு, எந்தச் சந்து என்றும் தெரியாது. சுபாஷிணி எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறாள், துணைக்கு வாங்கோ, மழையா இருக்கு என்று. ஒரு நாளும் போனதில்லை. மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

அடுத்த வருஷம் மே மாதம் அவளுக்கு ரிடையர்மெண்ட். அதற்கப்புறம் ஜூன் மாதம் வீட்டில் இருப்பாள், மழையைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் சூடாக அடை தின்னலாம் என்று எண்ணியிருந்தார். அவ்வளவுதான் ஆசை. பெரிய ஆசை ஒன்றுமில்லை.

இரண்டு மணி ஆயிற்று. ஒன்றும் தெரியவில்லை. இரண்டரை ஆயிற்று. மூன்றை நெருங்குகையில் சுபாஷிணியின் போன் அடித்தது. திரையில் ஏ.இ.ஓ. என்று இருந்தது. எடுத்து ஹலோ என்றார்.

"சாரே, நான் ஏ.இ.ஓ. பேசறேன்" என்றாள் ஒரு பெண், மலையாளத்தில். மரியாதையான குரல். "ஸ்கூலில் இருந்துதான் பேசறேன். டீச்சருக்கு உடம்புக்கு வய்யான்னு செல்வி டீச்சர் சொன்னாங்க. ஒரு வார்த்தை பேச முடியுமா?"

சங்கர்ராம் மூடிய கதவைப் பார்த்தார்.

"உறங்கறா" என்றார். பிறகு, ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது, "எழுப்பணுமா மேடம்?" என்று கேட்டார்.

"ஐயோ, வேண்டாம் வேண்டாம். உறங்கட்டும்." அவள் தயங்கினாள். "சார், எண்ணிக்கையில ஒரு குட்டி குறையுது. நான் வேணும்னே லேட்டா வந்தேன். வந்தும் அரைமணி நேரம் காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், அந்தக் குழந்தை வருமோன்னு. இனி முடியாது. சாயங்காலத்துக்குள்ள நான் மாவட்டத்துக்கு அனுப்பணும், அவங்க திருவனந்தபுரத்துக்கு அனுப்பணும். என் கையில ஒண்ணும் இல்லை."

"ஆமாம்" என்றார்.

"டீச்சர் எழுந்ததும் நீங்களே மெல்லச் சொல்லுங்க. பிரஷர் உள்ள ஆளு. சட்டுனு சொல்லிடாதீங்க, கேட்டீங்களா?"

"சட்டுனு சொல்ல மாட்டேன். மெல்லச் சொல்றேன்."

போனை வைத்தார். இப்போது அழலாம், தடையில்லை. வரவில்லை. அறைக்குள் போனார். அவளிடம் சொல்லலாமா என்று நினைத்தார். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, அவள் கால் கட்டைவிரல் துணிக்கு வெளியே தெரிந்ததை மூடிவிட்டார். வெளியே வந்து அதிதிக்கு ஒரு வரி அனுப்பினார், போட்டுக்கோ என்று. செல்வியைக் கூப்பிட்டார். இனிச் சொல்லிவிடலாம் என்றார். போனுக்குள் பள்ளிக்கூட மணி அடிப்பது கேட்டது. நிறுத்தாமல் அடித்தார்கள்.

வேலையில் இருக்கும்போதே ஒரு டீச்சர் போய்விட்டால், வீட்டுக்குப் போகிற வழியில் உடலைப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நேரம் வைப்பது வழக்கம். அதிதி ஏர்போர்ட்டிலிருந்து நேரே வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். ஆம்புலன்ஸ் வேன் பள்ளி முற்றத்தில் வந்து நின்றபோது மழை தூறிக்கொண்டிருந்தது. செய்தி அதற்குள் பரவி, பஜார்க்காரர்களும் அப்பன் அம்மாக்களும் கூடிவிட்டார்கள். வேனின் பின்கதவைத் திறந்து வைத்தார்கள். பிள்ளைகள் வராந்தாவில் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கிற மாதிரியே வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு செம்பருத்திப் பூ, யார் பறித்துக் கொடுத்தார்களோ. செல்வி அவர்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கி அடையாளமே தெரியவில்லை.

ஒவ்வொன்றாகப் பூவைப் போட்டுவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றன. கடைசிப் பிள்ளை போட்டு முடித்ததும் டிரைவர் கதவைச் சாத்தப் போனார்.

அப்போதுதான் கேட்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இடுப்பில் கைப்பிள்ளையும், கையில் பிடித்த பெண் குழந்தையுமாக ஒருத்தி இறங்கி ஓடி வந்தாள். சேலைக்கு மேலேயே கம்பெனி உடுப்பு, இறால் வாடை, முழங்கை வரை ஈரம். வேனைப் பார்த்ததும் "என் டீச்சரே!" என்று வைத்த ஓலத்தில் முற்றத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. அந்தப் பெண் குழந்தைக்கு யூனிபாரம் மாட்டி, ஈரத் தலையை வாரி ரிப்பன் கட்டியிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கல்லவா வருகிறாள்.

வீரலட்சுமி செல்வியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "காலைல போன் பண்ணுனியே டீச்சர், அப்பவே சொல்லப்படாதா? ஒரு வார்த்தை! டீச்சர் போயிட்டாகன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, லோடாவது மண்ணாவதுன்னு எல்லாத்தையும் போட்டுட்டு பிள்ளையத் தூக்கிட்டு அப்பவே ஓடியாந்திருப்பேனே!"

செல்வி சங்கர்ராமைப் பார்த்தாள். சங்கர்ராம் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

அஞ்சனா வந்து எட்டிப் பார்த்தாள். பூ இல்லை அவளிடம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, யாரும் சொல்லாமலே வராந்தாவுக்கு ஏறிப் போனாள். வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கு ஓரடி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.

"சாரே, போகலாமா?" என்றார் டிரைவர்.

சங்கர்ராம் பொறு என்று கையை மட்டும் காட்டினார். உதடு அசைய, வரிசையின் முதல் தலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார்.