சண்டை முடிய வாறன்

மீன் சாப்பிடாத ஒருவனை மீன் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போவதென்றால் அதற்கு ஜெயரூபனைப் போல ஒரு விசரன் வேண்டும். அஸாமுக்குக் கொரியாவில் இறைச்சி ஆகாது, ஹலால் இல்லை. மீன் ஆகும், ஆனால் நாலரை வருஷமாக அவன் மீனைத் தொட்டதில்லை. மிச்சம் இருப்பது சோறு, முட்டை, கிம்சி என்கிற ஊறுகாய். அந்தக் கிம்சியிலும் இறாலை அரைத்துப் போடுவார்கள் என்பது ஜெயரூபனுக்குத் தெரியும். பாவம், அதையும் விட்டுவிட்டால் மனுஷன் எதைத்தான் தின்பான் என்று வாயை மூடிக்கொண்டிருந்தான்.

இருவருக்கும் கிம்ஹே நகரத்தில், காருக்குப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. அஸாம் இலங்கையின் கிழக்கில் வாழைச்சேனைக்காரன், வயது முப்பத்தைந்து, முன்பு மீன் வியாபாரி. ஜெயரூபன் பழுகாமம், வயற்காரர் வீட்டுப் பிள்ளை, எட்டு வயது இளையவன். தமிழரும் முஸ்லிமும் முறைத்துக்கொண்டிருக்கிற ஊரில் என்றால் இவர்கள் ஒரு மேசையில் இருந்து தேநீர் குடித்திருப்பார்களா என்பதே சந்தேகம். இங்கே தமிழில் ஒரு சொல் பேச ஒருவரை விட்டால் மற்றவருக்கு நாதியில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜெயரூபன் அஸாமின் போர்வையை இழுத்தான். அஸாமை அவன் நானா என்றுதான் கூப்பிடுவான், முஸ்லிம் ஊர்களில் அண்ணனுக்கு அந்தச் சொல்.

"நானா, எழும்புங்க. பூசானுக்குப் போவம். கடல் பாப்பம், மீன் திம்பம், கடற்கரையில ஆட்டம் பாட்டெல்லாம் இரிக்காம், அதையும் பாத்துட்டுக் கடைசி பஸ்ஸில வருவம்."

"மீனும் தின்னன், ஆட்டமும் ஆடன். நான் என்னத்துக்கு?"

"நான் திங்கிறதப் பாக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும். வாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கண் சிவந்திருந்தது. விடுதியில் கீழே சமையலறையில், கூட வேலை செய்கிற சிங்களப் பொடியன்கள் கொண்டாட்டத்துக்குப் பாற்சோறு கிண்டிக்கொண்டிருந்தார்கள். ஊரில் சண்டை முடிகிறதாம், இன்றைக்கோ நாளைக்கோ என்கிறதாம் செய்தி. அதில் ஒருவன் ஒரு துண்டு பாற்சோற்றை வெட்டி ஜெயரூபனிடமும் நீட்டியிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. போன கிழமை ஜெயரூபனுக்குக் காய்ச்சல் என்றபோது மழையில் நனைந்துபோய் மருந்து வாங்கி வந்தவனே அவன்தான். ஜெயரூபனின் தங்கச்சி அஜந்தாவைப் புலிகள் இயக்கம் படைக்குப் பிடித்துக்கொண்டு போய், சண்டை நடக்கிற வன்னியில் விட்டதும், மாசி மாதத்துக்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லாததும் அவனுக்கு எப்படித் தெரியும்? ஜெயரூபன் தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு மேலே ஏறி வந்துவிட்டான்.

அஸாம் எழும்பி முகம் கழுவினான். அவனுக்கும் அறைக்குள் இருக்க விருப்பமில்லை. ஒப்பந்தம் ஆடியில் முடிகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்கு எழுதுவதா இல்லையா என்று திங்கட்கிழமை முதலாளியிடம் சொல்லியாக வேண்டும். எழுதுவதாகத்தான் எண்ணியிருந்தான். ஆனால் இந்தச் சண்டை முடிகிற செய்தி அவனுக்கு ஒரு பெரிய இடைஞ்சலாக வந்து சேர்ந்திருந்தது.

இடைஞ்சல் என்ன இடைஞ்சல்? அவன் சொன்ன பொய்தான். ஓட்டமாவடியில் அவனுடைய மகள் ரிப்கா வளர்கிறாள், வயது ஏழாகப் போகிறது. வளர்க்கிறது இறந்துபோன மனைவி ஸஹீதாவின் தங்கை றம்லாவும் அவள் புருஷன் ஹமீடும். மூன்று வருஷமாக அந்த வீட்டிலிருந்து யார் எப்போது வருகிறாய் என்று கேட்டாலும் அஸாம் சொல்கிற பதில் ஒன்றுதான்: "சண்டை முடிய வாறன்." ஒருமுறை றம்லா, "மச்சான், நம்மட பக்கம் சண்டை முடிஞ்சி ரெண்டு வருஷமாகுதே," என்று கேட்டுவிட்டாள். "முழு நாட்டிலயும் முடியட்டும்," என்றான் இவன். கேட்டீர்களா கதையை! நாடு முழுக்க அமைதி வந்தால்தான் இவர் பெற்ற பிள்ளையைப் பார்ப்பாராம்.

பிள்ளைமேல் பாசம் இல்லாமல் இல்லை. மாதம் தவறாமல் உடுப்பும் பொம்மையும் போகும். அவனால் தாங்க முடியாதது ஒரு சொல், தகப்பனைக் கூப்பிடுகிற சொல். சுனாமி வந்த காலையில் அவன் கல்குடாக் கடற்கரையில் இருந்த தன் மீன்வாடிக்கு மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தான். கடல் எழும்பியபோது இரண்டு வயது ரிப்கா அவன் தோளில். ஐந்து வயது முஸ்பிர் அவன் இடுப்பில் உடுத்திருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். பிறகு பிடி விட்டது. "வாப்பா!" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸஹீதாவை மூன்றாம் நாள் எடுத்தார்கள். முஸ்பிரை எடுக்கவேயில்லை. அதன் பிறகு ரிப்கா வாய் திறந்து "வாப்பா" என்கிற ஒவ்வொரு முறையும் அவனுக்குக் கேட்டது மகனின் குரல். எழும்பிப் படலைக்கு வெளியே போய் நின்றுகொள்வான். கடைசியில் கொரியாவுக்கே வந்துவிட்டான். பிள்ளை ஹமீடை வாப்பா என்று கூப்பிடப் பழகிவிட்டாள், இவனைக் 'கொரியா வாப்பா' என்றாள். அதைக் கேட்டபோது, உண்மையைச் சொன்னால், அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பூசானில் இறங்கி நேரே மீன் சந்தைக்குப் போனார்கள். அம்மாடி, அது சந்தையா ஊரா? தொட்டி தொட்டியாக உயிர்மீன், நெளிகிற விலாங்கு, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே ஏறப் பார்க்கிற எட்டுக்கால் கணவாய். றப்பர் சப்பாத்துப் போட்ட பெண்கள் வழியை மறித்துக் கூப்பிட்டார்கள். அஸாம் இரண்டு கையையும் கட்டிக்கொண்டுதான் நடந்தான். ஆனால் பதினைந்து வருஷம் மீன் புரட்டிய கை சும்மா இருக்குமா? ஒரு தட்டில் கிடந்த மீனின் செவிளைத் தன்னையறியாமல் தூக்கிப் பார்த்தான்.

"இது நேத்தைய மீன்," என்றான் தமிழில்.

கடைக்காரிக்குத் தமிழ் எங்கே விளங்கியது, முகம் விளங்கியது. அவன் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள். பிறகு தானே சிரித்துக்கொண்டு கீழேயிருந்து ஒரு பெட்டியை இழுத்து, கண்ணாடி போலக் கண் மின்னுகிற மீன்களைக் காட்டினாள். அஸாம் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டான்.

"பாத்தீங்களா, உங்களுக்கு மீனில கோவம் இல்ல," என்றான் ஜெயரூபன். "பிறகென்ன நானா?"

"கோவம் என்ன கோவம். என்ட மகன் இன்னும் கடலுக்குள்ளதான் இரிக்கான். நான் எப்படி ரூபன் மீன் திங்கிற?"

ஜெயரூபன் மாடியில் ஒரு கடையில் இருந்து தனக்கு மட்டும் சுட்ட மீன் எடுப்பித்தான். அஸாம் அவித்த சோளமும் சீனிப்பாணி வைத்த ரொட்டியும் தின்றான். பாதி மீனோடு ஜெயரூபன் கையை எடுத்துவிட்டுக் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அடிக்கவில்லை. "நல்ல மீன் நானா," என்று இரண்டு தரம் சொன்னான்.

பொழுது சாய்கிற நேரம் குவாங்கல்லி என்கிற கடற்கரைக்குப் போனார்கள். நல்ல கூட்டம். ஒரு பக்கம் கிற்றார் அடித்துப் பாடுகிறார்கள், ஒரு பக்கம் கோப்பிக் கடை, சாராயக் கடை, பாட்டுக் கடை என்று வரிசையாக வெளிச்சம். சோடி சோடியாக இளசுகள் கைகோத்துப் போகின்றன. கிழவிகள் மத்தாப்பும் வாணமும் விற்றார்கள். ஒரு வாணம் கிளம்பி வெடித்ததும் ஜெயரூபன் தோளைக் குறுக்கிக்கொண்டான், பிறகு ஒன்றும் நடக்காதது போல பியர்ப் போத்தலைத் திறந்தான். அஸாம் கடலுக்கு முதுகைக் காட்டி, கடைகளைப் பார்த்தபடி மணலில் இருந்தான். கடற்கரைக்கு வந்து இப்படி இருக்கிற ஆளை அங்கே யாரும் கண்டிருக்கமாட்டார்கள்.

கடலுக்குக் குறுக்கே அங்கே ஒரு நெடும் பாலம் உண்டு. இருட்டுப்பட்டதும் அதன் விளக்குகள் முழுதும் ஒரே நேரத்தில் எரிந்தன. கூட்டம் ஆரவாரித்தது. அப்போதுதான் தண்ணீர்ப் பக்கமிருந்து ஒரு சிறு பிள்ளையின் குரல் உச்சத்தில் கேட்டது.

"வாப்பா!"

இதை இங்கே சொல்லிவிட வேண்டும். கொரியர்களும் தகப்பனை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். நாம் 'அட' என்று வாய் பிளக்கிற இடத்தில் அவர்கள் 'வா' என்பார்கள். பாலத்தின் வெளிச்சத்தைக் கண்ட அந்தப் பிள்ளை "வா, அப்பா!" என்று, அதாவது "அடே, அப்பா!" என்று கத்தியிருக்கிறது, வேறொன்றுமில்லை. ஜெயரூபனின் காதிலும் அது விழுந்தது, அவனுக்கு வெறும் அப்பா என்றுதான் கேட்டது. ஓட்டமாவடி, வாழைச்சேனை, காத்தான்குடி என்று நம்முடைய முஸ்லிம் ஊர்களில் பிறந்த ஒரு தகப்பனுக்குத்தான் அது வேறு மாதிரிக் கேட்கும்.

அஸாம் எழும்பியது தெரியாது, ஓடியது தெரியாது. கணுக்கால் தண்ணீரில் நின்ற அந்தச் சிறுமியை வாரித் தூக்கி, நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கரையை நோக்கி ஓடினான். பிள்ளை அலறியது. பின்னாலேயே அவளுடைய தகப்பன் ஓடி வந்து பிள்ளையைப் பறித்துத் தாயிடம் கொடுத்து, அஸாமின் சட்டைக் கழுத்தைப் பிடித்து உலுக்கினான். ஆட்கள் கூடிவிட்டார்கள். அஸாமின் வாயிலிருந்து, "தண்ணி வருது, தண்ணி வருது," என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

ஜெயரூபன் பாய்ந்து வந்து நடுவில் விழுந்தான். இடுப்பை வளைத்து வளைத்துக் கும்பிட்டான். அவனுக்குத் தெரிந்த கொரிய மொழி தொழிற்சாலை மொழி. அதில் கிடைத்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். "மன்னிச்சிக்கங்க. ஸ்ரீலங்கா. சுனாமி. இவர்ட மகன்."

சுனாமி என்ற சொல்லுக்கு உலகத்தில் எங்கேயும் விளக்கம் தேவையில்லை. அந்த மனிதனின் பிடி தளர்ந்தது. அஸாமின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, இழுத்ததில் கசங்கிய சட்டைக் கழுத்தைத் தன் கையாலேயே நீவிவிட்டு, மெதுவாக ஏதோ கேட்டான்.

"வேற பிள்ளைகள் இரிக்கா எண்டு கேக்கான்," என்றான் ஜெயரூபன்.

அஸாம் ஒரு விரலைக் காட்டினான். பிறகு கொரிய மொழியிலேயே, "மகள்," என்றான்.

அந்த மனிதன் மறுபடி கேட்டான். எங்கே என்கிற கேள்வி அஸாமுக்கே விளங்கியது. தலை குனிந்துகொண்டான். அந்த மனிதன் தோளில் தட்டிவிட்டு, இன்னும் விம்முகிற தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான். போகும்போது பிள்ளை தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது.

அஸாம் மணலில் குந்தித் தேம்பித் தேம்பி அழுதான். நாலரை வருஷத்து அழுகை, சத்தமாகத்தான் வந்தது.

ஜெயரூபன் பக்கத்தில் இருந்தான். பிறகு அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. காற்சட்டைப் பையிலிருந்து வெளிநாட்டுக்குக் கதைக்கிற தொலைபேசி அட்டை ஒன்றை எடுத்து அஸாமின் மடியில் எறிந்தான்.

"இத வாங்கி மூணு கிழமை நானா. உறைகூடப் பிரிக்கல்ல. ஏனெண்டா தங்கச்சிக்கு அடிக்கிறதுக்கு எனக்கு நம்பர் இல்ல. அவள் எந்தக் காட்டில கிடக்காளோ, உசிரோட இரிக்காளோ, ஆரிட்டக் கேக்கிற? உங்களுக்கு ஒரு நம்பர் இரிக்கி. அடிச்சா எடுக்கிறதுக்கு ஒரு பிள்ளை இரிக்கி. அடிங்க. இல்லாட்டி என்னோட இனிக் கதைக்க வேணாம்."

அட்டையைப் பிரித்து, அஸாம் சொல்லச் சொல்ல இலக்கங்களை ஜெயரூபனே அழுத்திக் கொடுத்தான். ஊரில் அப்போது பின்னேரம் நாலரை. றம்லாதான் எடுத்தாள்.

"மச்சானா? என்ன, இந்த நேரத்தில?"

"மகள் எங்க றம்லா?"

அவன் ஒருநாளும் இப்படி முதலில் மகளைக் கேட்டதில்லை. "ரிப்கா! ஓடி வாங்க, கொரியா வாப்பா!" என்று அவள் கூப்பிட்டது கேட்டது. தூரத்தில் வெடிச்சத்தமும் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும். சந்தியில வெடி கொளுத்துறாங்க," என்றாள் ரிப்கா மூச்சு வாங்க. "சண்டை முடிஞ்சிட்டாம்."

"ஓம் மகள். கேள்விப்பட்டன்."

எப்போது வருகிறீர்கள் என்று கேட்பாள், கேட்டால் என்ன சொல்வது என்றுதான் அவன் இத்தனை நாள் பயந்திருந்தான். அவள் கேட்கவேயில்லை. அதுதான் அவனைக் குத்தியது.

"மகள், நான் வாறன்."

"சரி. வைக்கட்டா?"

"இல்ல இல்ல, வைக்காதீங்க! ஏன் வைக்கிற?"

"நீங்க எல்லா நாளும் வாறன் எண்டு சொல்லித்தானே வைக்கிற," என்றாள். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

அஸாம் மணலில் நேராக நிமிர்ந்து இருந்தான். "மகள், இது வைக்கிற வாறன் இல்ல. மெய்யா வாறன். நாளைக்கு முதலாளிட்டச் சொல்லிருவன். ஏழாம் மாசம் வாறன். வந்தா திரும்பிப் போகமாட்டன்."

"வல்லாஹி?" என்று அல்லாஹ்மேல் ஆணை கேட்டாள்.

"வல்லாஹி."

மறுமுனையில் வெடிகள் விட்டு விட்டுக் கேட்டன. ஜெயரூபன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அப்ப ஹமீட் வாப்பாவ நான் என்னெண்டு கூப்பிடுற?" என்று கேட்டாள் ரிப்கா.

எந்தச் சொல்லுக்குப் பயந்து நாடு விட்டு நாடு வந்தானோ, அதைத் தனக்கே தரும்படி கேட்க இப்போது அவனுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் ஹமீட். அவனிடமிருந்து பறிக்க இவனுக்கு என்ன உரிமை?

"வாப்பா எண்டே கூப்பிடுங்க மகள்."

"அப்ப உங்கள?"

"உங்களுக்கு எப்படிக் கூப்பிட விருப்பம்?"

பிள்ளை யோசித்தாள். அவள் மூச்சு விடுகிறது கேட்டது.

"முதல்ல வாங்க," என்றாள். "பாத்துட்டுச் சொல்றன்."