படித்துப் பார்க்கும் அட்டை

கவிதை போட்டால் காசு கொடுக்கும் வழக்கம் அந்தப் பத்திரிகையில் இல்லை. இரண்டு பிரதி அனுப்புவார்கள், அவ்வளவுதான். "வேற ஏதாவது எதிர்பார்க்கிறீங்களா?" என்று ஆசிரியர் போனில் கேட்டபோது, கவிதை எழுதிய மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், "நாலு பேர் படிச்சா போதும் சார்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

அந்த நாலு பேருக்கு எங்கே போவது? மச்சானுக்குக் கொடுத்த பிரதி, ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. மனைவியிடம் மட்டும் அவர் கொடுக்கவில்லை. "கவிதை வந்திருக்கு" என்றதோடு சரி. "பொடி எழுத்தா இருக்கும், அப்புறம் படிக்கிறேன்" என்று அவள் சொன்னதும் அவருக்கு நிம்மதியாக இருந்தது.

அப்புறம்தான் அந்த யோசனை உதித்தது. கிட்டப் பார்க்கும் கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம், பவர் சரியா என்று படித்துப் பார்க்க ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் இருந்தது ஏதோ மருந்து விளம்பரம். அதைக் கடாசிவிட்டு, தம் கவிதைப் பக்கத்தை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு மேசையில் வைத்தார். அன்று முதல் வாசகர்களுக்குப் பஞ்சமில்லை. வந்தவர்கள் எல்லாம் வாய்விட்டே படித்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்பார்.

"மேல் வரி பளிச்சுனு தெரியுது. கீழதான் கொஞ்சம் கலங்குது."

மனிதர் அதையும் பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். "நான் எழுதினதுதான்" என்று ஒருவர் விடாமல் சொல்லவும் செய்தார்.

சனிக்கிழமை கடையில் கூட்டம். தையல் ஆலையில் பட்டன் தைக்கும் அவர் மனைவி, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று வந்து உட்கார்ந்தாள். அவர் சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டார். கவனமெல்லாம் வில்லையில்தான். கை மட்டும் பழக்கதோஷத்தில் அட்டையை எடுத்து நீட்டிவிட்டது.

அவளும் எல்லாரையும் போல வாய்விட்டுப் படித்தாள்.

"குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள் என் வீட்டுக்காரி. வாளி நிறைந்ததும்..."

குரல் இறங்கியது. மீதியை உதடு மட்டும் படித்தது.

அட்டையைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று அவருக்குத் தோன்றியது. கை எழவில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே எத்தனை முறை நின்று அந்த அழுகையைக் கேட்டிருக்கிறார்! என்ன ஆச்சு என்று ஒருநாளும் கேட்டதில்லை. சத்தம் போடாமல் வந்து உட்கார்ந்து எழுதிவிட்டார். வார்த்தை நன்றாக விழுந்திருக்கிறது என்று சந்தோஷம் வேறு.

முறைக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர், யாரென்று தெரியாமல் அவள் பக்கம் சாய்ந்தார். "நம்ம கடைக்காரர் எழுதினதும்மா. அந்த வாளி வரி தெரிஞ்சா பவர் சரின்னு அர்த்தம். நான்கூட போன தடவை அதை வச்சுத்தான் வாங்கினேன்."

அவள் சட்டத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எத்தனை பேர் படிச்சாங்க?"

இத்தனை வருஷமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று அவர் ஏங்கிய கேள்வி. அவமானத்தில் காது சுட்டது.

"பவர் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்றார். இன்றைக்காவது கேட்டுவிட வேண்டும், தண்ணீர்ச் சத்தம் வந்ததும் கதவைத் தட்டிவிட வேண்டும் என்று கையை ஓங்கியபடியே நின்றார். சத்தமே வரவில்லை.

கதவு திறந்தது. அவள் முகம் காய்ந்திருந்தது. வாளியும் காய்ந்துதான் கிடந்தது.

"இனிமே இங்க நிக்காதீங்க" என்றாள். "எழுத ஒண்ணும் இருக்காது."