ஜகன்னாத் சைக்கிளோடு சேவித்தது

ஜகன்னாத்துக்கு ராமேஸ்வரம் பித்துப் பிடித்துச் சில மாதங்கள் ஆகின்றன. ரயிலில் பல தடவை போய் வந்தவர்தான். இப்போது சைக்கிளில் போக வேண்டுமாம். தென்னூர் சைக்கிள்காரர்கள் சிலர் வரும் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்கள். அவர்களோடு சேர்ந்து முக்கொம்பு அணை வரை மிதித்து மிதித்துக் காலுக்கு உரம் ஏற்றிக்கொண்டார். ஆபீசுக்குப் போய்வந்த பழைய சைக்கிள் அவ்வளவு தூரம் தாங்காது என்று ரோடு பைக்கும் வாங்கியாயிற்று. ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். டயர் ஒல்லி. பெடலோ, ஷூவை அப்படியே கவ்விக்கொள்ளும்.

மனைவி குமுதவல்லி போட்டது ஒரே நிபந்தனை. "ஒரு தடவை விழுந்தேள்னு தெரிஞ்சாலும் ராமேஸ்வரம் கிடையாது. இந்த வயசுல எலும்பு ஒட்டாது, ஆமா."

பாலக்கரைக் கடையில் பைக்கைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்த மெக்கானிக் மார்ட்டின் சொன்னதை அவர் அவளிடம் சொல்லவில்லை. "நிக்கறதுக்கு முன்னாடியே குதிகாலை வெளிப்பக்கம் திருப்புங்க சார், ஷூ கழண்டுக்கும். மறந்தா விழுவீங்க. எல்லாரும் ஒரு தடவை விழுந்தவங்கதான்."

வியாழக்கிழமை காலை, முக்கொம்பிலிருந்து வந்தவர் சித்திரை வீதி முனையில் திரும்பினார். எதிரே பல்லக்கில் பெருமாள் புறப்பாடு. குடை, நாதஸ்வரம், வீதி கொள்ளாத கூட்டம். பிரேக்கைப் பிடித்தார். பைக் நின்றது. கை கூப்பத் தோன்றியது. குதிகாலைத் திருப்பத் தோன்றவில்லை.

வேகத்தில் விழுந்தாலாவது பரவாயில்லை. நின்ற இடத்திலேயே வாழைமரம் மாதிரி மெதுவாகச் சாய்ந்தார், பாவம். சாய்கிற வழியெல்லாம் காலை இழுத்தார், வரவில்லை. வலது தோள் தரையில் மோதி 'மளுக்'கென்றது. பல்லக்கு நேர் எதிரே வந்து நின்றது.

"ரங்கா! ரங்கா!" ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பார்த்தேளா, இறங்கக்கூடத் தோணலை, சைக்கிளோடயே விழுந்து சேவிக்கறார்!"

"ஷூவோடயா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"பெருமாள் மனசைத்தான் ஓய் பார்ப்பார். நீரும் இருக்கீரே, குனிஞ்சா இடுப்பு வலிக்கும்பீர்!"

கூட்டத்திலிருந்து குமுதவல்லி ஓடி வந்தாள். சைக்கிள் வந்த நாளிலிருந்து கோயில் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷர்!

"விழுந்துட்டேளோன்னு பதறிட்டேன். சேவிச்சேளா? நிஜமாவா?"

ஆமாம் என்றால் ராமேஸ்வரம் உண்டு. தலையை ஆட்டினார். தோள் நெருப்பாக எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். எழுந்திருக்கத்தான் வழியில்லை, நாலு பேர் சேர்ந்து ஷூவைப் பிடுங்கி, தெரு ஓரமாக உட்கார வைத்தார்கள்.

பல்லக்கு நகர்ந்தது. குமுதவல்லி துளசியோடு வந்தாள், முகமெல்லாம் பூரிப்பு. "பட்டர் உங்களுக்குன்னே கொடுத்தார். வாங்கிக்கோங்கோ."

வலது கையை நீட்டப் பார்த்தார். யாருடைய கையோ என்பதுபோல் அது மடியில் கிடந்தது. இடது கை எழுந்தது, பாதியில் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து பிரசாதத்துக்கு நீட்டியறியாத கை.

அந்தக் கையைப் பார்த்தாள் குமுதவல்லி. பிறகு மடியில் கிடந்ததைப் பார்த்தாள். பூரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடும், குமுதா…"

"வாயைத் திறங்கோ."

திறந்தார். துளசியை அவளே போட்டாள்.