வக்கீலம்மாவின் எடை

கடைவீதி வக்கீலம்மா தொழிலுக்கு வந்த பதினான்காம் ஆண்டில் எண்ணூற்று நாற்பது கிலோ எடை இருந்தார். ஆள் ஒல்லிதான். தொழிலுக்கு வந்த அன்று தைத்த கறுப்புக் கோட்டு அப்போதும் தோளில் தொளதொளவென்று தொங்கியது. உடம்பில் ஒரு பிடி சதை கூடவில்லை. கட்சிக்காரர்கள் வந்து மனபாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். இறக்கி வைத்த பாரம் எங்காவது இருந்துதானே ஆக வேண்டும்?

வக்கீல் என்றால் வாய் வேண்டும் என்றுதான் அந்த ஊர் நம்பிக்கொண்டிருந்தது. அவருடைய சீனியர் வாதாட எழுந்தால் கோர்ட்டு மின்விசிறிகள் கரண்ட் இல்லாமலே சுற்றும். ஒருமுறை எதிர்த்தரப்பு வக்கீலின் பொய்ப்பல் கழன்று நீதிபதியின் மேஜையில் போய் உட்கார்ந்தது. ஆனால் அந்த வாயில் எதுவும் நிற்காது. காலையில் அவரிடம் சொன்னது மதியம் சலூனில் கேட்கும். வக்கீலம்மாவோ வாயில்லாப் பூச்சி. "இந்தப் பொண்ணா? தன் பேரச் சொல்றதுக்கே ரெண்டு வாய்தா கேக்குமே!" என்று சீனியர் சிரித்தார். மூன்றே வருடத்தில் அவருடைய கட்சிக்காரர்கள் மொத்தப் பேரும் இவருடைய மாடிப்படியில் வரிசை கட்டி நின்றார்கள். இவர் குறுக்கே பேசாமல், கடிகாரத்தைப் பார்க்காமல், "அப்புறம்?" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டது வெளியே வராது. சொல்லிவிட்டுப் போகிறவர்களின் பாதம் படியில் பட்டும் படாமலும் இறங்கியது. காற்றுக் காலத்தில் சிலரைச் சொந்தக்காரர்கள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அவருடைய வீட்டுக்காரர் தச்சர். நாலு மாதத்துக்கு ஒரு நாற்காலி செய்து கொடுத்து அவருக்கு அலுத்துவிட்டது. எடை தெரிந்தால்தானே காலுக்குக் கனம் வைக்கலாம் என்று ஓர் இரும்பு எடைமேடையைக் கொண்டுவந்து நாற்காலிக்கு அடியில் போட்டார். முள்ளைப் பார்த்துப் பார்த்து இருவருக்கும் கணக்குப் பிடிபட்டது. சில்லறைத் திருட்டு மூன்று கிலோ. மறைத்து வைத்த முதல் கல்யாணம் பத்தொன்பது. நடந்தது மட்டும்தான் ஏறும். நடக்காததை ஒருவர் மனதார நம்பிச் சொன்னாலும் ஒரு கிராம் ஏறாது. பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்திவிட்டான் என்று ஒரு பெரியவர் குலுங்கிக் குலுங்கி அழுதார், முள் அசையவில்லை; அளந்து பார்த்தால் வேலி இருந்த இடத்திலேயே இருந்தது. ஆகவே வக்கீலம்மா தோற்கிற வழக்கை எடுத்ததே இல்லை. வெற்றிக்கு வேண்டிய குணங்கள் என்ன என்று இளம் வக்கீல்களுக்குச் சொல்லச் சங்கத்தில் கூப்பிட்டபோது, மேடை தாங்காது என்று தரையில் நின்று, மைக்கின் முன்னால் நாற்பது நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு வந்தார். பாதிப் பேர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பதினான்காம் ஆண்டில்தான் மரக்கடைக்காரர் ஒரு சுவர்த் தகராறுக்காக வந்தார். சுவரைப் பேசி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"இன்னொன்னு இருக்கும்மா. உங்ககிட்ட சொன்னா வெளிய போகாதுன்னு ஊரே சொல்லுது."

"அப்புறம்?"

"பதினோரு வருஷம் முன்னாடி உங்க வீட்டுக்காரர் பட்டறை எரிஞ்சுதே, மின்கசிவுன்னு எழுதினாங்க. இல்லம்மா. நான்தான் பத்த வச்சேன். எங்கிட்ட மரம் வாங்குறத நிறுத்திட்டாரேன்னு ஒரு ஆத்திரம்."

முள் ஒரே தாவில் ஆயிரத்து இருநூறைத் தொட்டது. வக்கீலம்மா நாற்காலியோடும் எடைமேடையோடும் தளத்தைப் பிளந்துகொண்டு கீழே மருந்துக்கடைக்குள் இறங்கி, இருமல் மருந்து அலமாரிக்கு முன்னால் அதே நிமிர்ந்த முதுகோடு உட்கார்ந்திருந்தார். மரக்கடைக்காரர் கூரையில் தலை முட்ட மிதந்தபடி, "யார்கிட்டயும் சொல்லிட மாட்டீங்களே?" என்று கேட்டார். "மாட்டேன்" என்றார் வக்கீலம்மா. மருந்துக்கடைக்காரர் மறுநாளே மாடிக்குக் குடிபோனார். ஆபீஸ் கீழேயே இருந்துவிட்டது.

அந்தத் தீயில் தச்சருடைய தம்பியின் வலது கை வெந்துபோயிருந்தது. இப்போது அவர் பஸ்ஸில் இடது கையால் டிக்கெட் கிழிக்கிறார். ஊருக்கு மின்கசிவு, தச்சருக்கு மட்டும், பசை காய்ச்சிய அடுப்பை அன்று அணைக்காமல் வந்தது தான்தான் என்று உறுதி. யாரிடமும் அதைச் சொன்னதில்லை. பதினோரு வருடமாக ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியதுமில்லை. பக்கத்தில் படுத்தவருக்கு அது தெரியாதா? ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியம் வக்கீலம்மாவுடையதில்லை, மரக்கடைக்காரருடையது. சாப்பிட உட்கார்ந்தால் தொண்டை வரை வரும்; தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளுவார். அந்த மாதம் வீடே பட்டறைப் பக்கமாகச் சாய்ந்தது.

"அப்படி என்னதான் அழுத்துது உன்ன? நான் என்ன அந்நியனா? கொஞ்சம் எங்கிட்ட இறக்கி வையேன்" என்றார் தச்சர்.

"என்னால முடியாதுங்க. நீங்க வேணா இறக்கி வைக்கலாம். இங்க இல்ல, ஆபீஸுக்கு வாங்க."

தச்சர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய், வரிசையில் நின்று, எதிரே உட்கார்ந்தார். "வக்கீலம்மா, அன்னிக்கு அடுப்ப அணைக்காம வந்தது நான்தான். தம்பி கை போனது என்னாலதான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? அவ்வளவுதான்!"

வக்கீலம்மா பேனாவைத் தேடுகிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தார். பேனா கையில்தான் இருந்தது. இப்போது முள் தச்சருக்கு நேராகத் தெரிந்தது. ஆயிரத்து இருநூறு. அவர் உள்ளே வரும்போதும் அதே ஆயிரத்து இருநூறு. தச்சர் எழுந்து கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். பையில் இருந்த சுத்தியலை மேடைமேல் வைத்தார். முள் ஒரு கிலோ நகர்ந்தது. எடுத்தார், திரும்பி வந்தது. குற்றத்தை இன்னொரு தடவை, உரக்கச் சொன்னார். முள் அசையவில்லை.

"அப்படின்னா..." என்றார்.

வக்கீலம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்று தச்சர் கேட்கவில்லை. வக்கீலோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு எதைக் கேட்கக் கூடாது என்று தெரியாதா என்ன! முள் பேசுவதைத் தடுக்கும் விதி எதுவும் தங்கள் புத்தகத்தில் இல்லை என்று பின்னால் வக்கீல் சங்கமும் பார்த்துச் சொன்னது.

மறுநாள் மதியம் மரம் அறுக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்த வக்கீலம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். ரம்பம் சுவரில் தொங்கியது. பலகை அடுக்கின் மேல் தச்சர் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்ப மனமில்லாமல் பக்கத்தில் தரையில் மெல்ல உட்கார்ந்தார் வக்கீலம்மா. தரை நாலு விரல் இறங்கியது, உளிகள் எல்லாம் கலகலவென்று உருண்டன. தச்சர் புரண்டு படுத்து இன்னும் பலமாக அறுக்கத் தொடங்கினார்.