கலாதேவி கேட்ட 'உம்ம்'

1.

இந்தக் கதை என் மூளையில் உதித்ததில்லை. ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் என் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து திருடினேன். முதலில் இப்படி எழுதினேன்: 'சுண்ணாம்பு மலையே முனக, ஈப்போ நகரமே நடுங்கியபோது...'

[பொய். பக்கத்து வீட்டுக் கலாதேவியைத் தவிர யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றேனே தவிர, புளுகிலிருந்து இல்லை.]

2.

எட்டு மாதமாக அவள் காதில் ஓயாத 'உம்ம்' சத்தம். ரப்பர் தோட்டத்தில் விட்டுவந்த காவல் தெய்வம் முனியாண்டிக்குக் கோபம் என்று, கணவன் கனகராஜ் சுவரோரம் சுருட்டு வைத்துப் பார்த்தான். சத்தம் நிற்கவில்லை.

"எங்க யாருக்கும் கேக்கல, ஒனக்கு மட்டும் எப்படி? நீ என்ன ரேடியோவா லா?"

திங்கட்கிழமை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக நாள் குறித்துவிட்டான்.

"சத்தம் இருந்தா இருக்குன்னு சொல்லுங்கண்ணே," என்றாள் என்னிடம். "இல்லன்னா நானே அந்த டாக்டர்கிட்ட போயிடுறேன்."

3.

ஜெலாப்பாங் தொழிற்சாலையில் இயந்திர அதிர்வுகளை அளக்கும் என் அண்ணன் மகள் தினேஸ்வரியை அழைத்தேன். சுவரில் கருவியை ஒட்டினாள். திரையில் கீறல் காடு: லோரி, மோட்டார் சைக்கிள், என் இருமல்.

"இதுல எங்கம்மா 'உம்ம்'?"

"பொறுங்க சித்தப்பா. ஒரே சீரான அலைன்னா மூணுதான் தெரியணும். எவ்ளோ உயரம், செகண்டுக்கு எத்தன தடவ, எங்க ஆரம்பம். எரைச்சல் மாறிக்கிட்டே இருக்கும், ரொம்ப நேரம் சேர்த்துப் பாத்தா ஒன்னையொன்னு அடிச்சு அழிஞ்சிடும். அலை மாறாது லா."

(அடிக்குறிப்பு: இரண்டு மடங்கு நேரம் கேட்டால், அந்த 'எத்தன தடவ'யில் பிழை பாதியாகும் என்று நினைத்தேன். இல்லை, ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடுமாம்! இதை மிகைப்படுத்த எனக்கே இடமில்லை.)

4.

ஆறு மணி நேரம் [ஆறு நாள் என்று எழுதி அடித்தேன்] கழித்து, காட்டுக்குள்ளிருந்து ஒற்றை முள் எழுந்தது. விநாடிக்கு 47.3 தடவை.

தினேஸ்வரி எண்ணை மறைத்தாள். கலாதேவியின் காதில் ஹெட்போன் மாட்டி, ஒலியின் சுருதியை ஏற்றி இறக்கும் குமிழைக் கையில் கொடுத்தாள். கலாதேவி கண்ணை மூடித் திருகினாள். ஏற்றினாள். இறக்கினாள்.

"இதான்."

குமிழ் நின்ற இடம் 47.4. [47.3 என்று எழுத விரல் துடித்தது. கூடாது.]

கருவி ஆறு மணி நேரம் தோண்டி எடுத்ததை, இவள் எட்டு மாதமாகத் தன்னந்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்!

5.

முடிவு ஒன்று: கனகராஜ் கதறி அழுதான். [நாடகம்.]

முடிவு இரண்டு: எங்கோ ஒரு தொழிற்சாலை விசிறி பிடிபட்... [இல்லை. எங்கிருந்து வருகிறதென்று இன்னும் தெரியாது.]

நடந்தது இவ்வளவுதான். கனகராஜ் வந்தான். இரண்டு எண்களையும் பார்த்தான். சுவரில் உள்ளங்கையை வைத்தான். அவனுக்கு இப்போதும் ஒன்றும் கேட்கவில்லை.

"கலா..." என்றான்.

அடுத்து அவன் சொன்னது எனக்குத் தெரியும். என் வாயால் சொன்னால் அது பத்து மடங்காகிவிடும். அவளுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லும் ஆள் வேண்டும். அவன் இடத்தில் நின்று நீங்கள் சொல்லுங்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டாள், காத்திருக்கிறாள்.