போகி நெருப்பும் கொட்டகைச் சாவியும்

கொளஞ்சிக்கு எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க வராது. ஆனால் ஓசியில் போன பொருள் வீடு திரும்பாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். தானே புயல் அவருடைய உரக் கொட்டகைக் கூரையைப் பிய்த்துப் போட்ட மறுவாரம், உள்ளே பிள்ளைகளுக்கு நூலகம் நடத்திய சந்திரலேகா, நனைந்த புத்தகங்களை ஆளுக்கொன்றாகப் பிள்ளைகளிடமே கொடுத்தனுப்பினாள். பார்த்த கொளஞ்சிக்கு வயிறு எரிந்தது.

அவள் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் கடலூர் வந்துபோகிறவள். ஒரு சங்கம் சம்பளம் கொடுத்தது. கொட்டகையை வாடகையில்லாமல் விட்டவர் கொளஞ்சி. ஏன் விட்டோம் என்று அவருக்கே இன்னும் பிடிபடவில்லை.

பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் செருகி நிழலில் காயவைக்கணும், காய்ந்ததும் கொண்டுவரணும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தாள். கொளஞ்சி நேரே போய் நின்றார்.

"போகி வருது, தெரியுமா? உப்பிப்போன புத்தகத்த எவ வீட்ல வச்சிருப்பா? பழசோட பழசா நெருப்புல போட்டுடுவாளுங்க."

"போட மாட்டாங்க ஐயா."

"ஒண்ணு எரிஞ்சாலும் சாவியக் குடுத்துட்டு பஸ் ஏறிடணும். சொல்லிட்டன்."

தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலையும் அவர் நம்பவில்லை.

போகியன்று விடியுமுன்னே தெருவில் இறங்கினார். ஒன்றும் விளங்கவில்லை. வாசலுக்கு வாசல் புகைய வேண்டிய தெருவில் நெருப்பே இல்லை. பல் தேய்த்துக்கொண்டு நின்ற சுப்புராயனிடம், ஏன்டா கொளுத்தவில்லை என்று கேட்டார்.

"எதக் கொளுத்தறது மாமா? பழம்பாய், பழமொறம் எல்லாத்தையுந்தான் காத்து தூக்கிட்டுப் போயிடுச்சே. மிச்சம் கட்டியிருக்கிற வேட்டிதான், அவுத்துப் போடட்டுமா?"

கொளஞ்சி சிரிக்கவில்லை. தெருக்கோடியில் ஒரே ஒரு புகை தெரிந்தது. அவருடைய கொட்டகைக்குப் பின்னால்.

ஓட்டமும் நடையுமாகப் போனார். முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டிருந்த சந்திரலேகா பிள்ளைகளோடு குந்தியிருந்தாள். எரிந்துகொண்டிருந்தது புத்தகம். காலில் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிற பொருள்.

"எவளும் எரிச்சுடக் கூடாதுன்னு காவல் சுத்தறன். எரிக்கறவ நீயா?"

"பூசணம் புடிச்சது ஐயா. சேத்து வச்சா நல்லதையும் தின்னுடும், புள்ளைங்களுக்கு மூச்சு இழுக்கும். வீட்ல யாரும் எரிக்கல, எல்லாத்தையும் கொண்டாந்துட்டாங்க. தேறாததத்தான் போடறோம்."

உள்ளே எட்டிப் பார்த்தார். தார்ப்பாய்க்குக் கீழே, அலமாரியில் புத்தகங்கள் உப்பிய முதுகோடு நின்றன. ஒன்றுக்கு யாரோ மஞ்சள் குங்குமம் வைத்து அனுப்பியிருந்தார்கள். திரும்பாது என்று நினைத்தது திரும்பியிருக்கிறது. காக்க வேண்டியவள் கொளுத்துகிறாள். எது கோணல் என்று தெரியாமல், சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினார். அவள் சாவியை எடுத்து வைத்தாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்து, முறுக்குக்காரர் மகள் பிரீதா தன் கையிலிருந்த புத்தகத்தை நெருப்பில் போடமாட்டேன் என்று நின்றாள். யானை கிணற்றில் விழுந்ததுவரைதான் படித்தாளாம், அதற்குமேல் பக்கங்கள் ஒட்டிக்கொண்டனவாம். சந்திரலேகா மீதிக் கதையை வாயாலேயே சொன்னாள். கிளம்பப் போன கொளஞ்சி நின்றார். கிணற்றில் விழுந்த மாட்டைக் கயிறு கட்டித் தூக்கியவர் அவர். யானையை எப்படித் தூக்குவார்கள்? கிணற்றில் தண்ணீர் விட்டு மிதக்கவைத்தார்களாம். பிரீதா புத்தகத்தைக் கண்ணில் ஒற்றி நெருப்பில் போட்டாள்.

பொங்கல் கழிந்த சாயங்காலம், பூட்டிய கதவின் முன்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சந்திரலேகாவும் தரையில். கொளஞ்சி சாவியோடு வந்தார். திறப்பதா, விரட்டுவதா என்பது பூட்டை நெருங்கும்வரை அவருக்கே தெரியாது. திறந்தார். சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

"தெனம் நாந்தான் தொறப்பன். உம்மேல எனக்கு நம்பிக்க இல்ல."

"சரிங்க ஐயா."

கதவோரமாக உட்கார்ந்துகொண்டார். யானை மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் இறைக்க எத்தனை எச்.பி. மோட்டார் போட்டார்கள் என்பதுதான் அவருக்கு இன்னும் விளங்கவில்லை.